தங்கவயல் வீடுகளில் மிளகாய் வளர்ப்பு: விதைக்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டியது ஏன்?

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ மிளகாய் வளர்க்க விரும்புவோர், எந்த விதையை வாங்குவது என்பதற்கு முன்பாக, அதை எந்த மண்ணில் ஊன்றுவது என்பதை முடிவு செய்தாக வேண்டும். மற்ற ஊர்களில் இந்தக் கேள்வி இவ்வளவு முக்கியமானதல்ல. இங்கு நிலைமை வேறு. நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கிய தங்கச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற தாதுக் கழிவு மேடுகள், குடியிருப்புகளை ஒட்டியே நிற்கின்றன.

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கு சுரங்கப் பணியைக் கையில் எடுத்தது. பின்னர் மாநில அரசிடமும் மத்திய அரசிடமும் மாறிய சுரங்கங்கள், பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின்கீழ் இயங்கி 2001-இல் மூடப்பட்டன. பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சிய தூள்தான் இன்று மலைகளாகக் குவிந்து கிடக்கிறது. மொத்தம் 13 மேடுகள். அவற்றில் சுமார் 3.3 கோடி டன் கழிவு இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. உள்ளூர் மக்கள் இவற்றைச் சயனைடு மேடு என்றே அழைக்கின்றனர்.

இந்தப் பெயர் ஓரளவு திசைதிருப்பக்கூடியது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடும் தன்மை கொண்டது. சிதையாமல் தங்குபவை கன உலோகங்களே. ஆர்சனிக், ஈயம் போன்றவை உலகெங்கும் தங்கத் தாதுக் கழிவுகளில் பொதுவாகக் காணப்படுபவை. காற்று பலமாக வீசும் நாள்களில் மேட்டின் நுண்துகள் வாசல்வரை வந்து படிகிறது என்பதால், வீட்டுத் தோட்டக்காரரின் நீண்டகாலக் கவலை இவற்றைப் பற்றியதாகவே இருக்க வேண்டும்.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. கீரைகளும் முள்ளங்கி போன்ற கிழங்கு வகைகளும் மண்ணிலுள்ள உலோகங்களை அதிகம் உறிஞ்சுகின்றன. காய்களில் சேரும் அளவு பொதுவாக அதைவிடக் குறைவு. அந்த வகையில், தங்கவயல் வாசலுக்குக் கீரைப் பாத்தியைவிட மிளகாய்ச் செடி பொருத்தமானது. அதற்காக மேட்டை ஒட்டிய நிலத்தில் நேரடியாக நடலாம் என்று பொருளல்ல.

சட்டியே பாதுகாப்பு

பாதுகாப்பான வழி, தரையை விட்டுச் சட்டிக்கு மாறுவதுதான். மேடுகளிலிருந்து தொலைவிலுள்ள வயல்களின் செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு எனக் கலந்து நிரப்பினால் போதும். மண் இறுகாமலிருக்க மணல் சேர்க்கும் வழக்கம் பலரிடம் உண்டு. மேட்டின் சாம்பல் நிறத் தூள் பார்வைக்கு நல்ல மணலைப் போலவே தோன்றும். அதைச் சட்டியில் சேர்க்கக் கூடாது. அதில் மக்கும் பொருள் ஏதும் இல்லை, நீர் பட்டால் களிபோல் இறுகும் என்பவை தோட்டக்கலைக் காரணங்கள். மற்ற காரணம் மேலே கூறப்பட்டது.

மண் பரிசோதனை செய்து கொள்ளலாமே என்ற கேள்வி எழலாம். கோலாரை அடுத்த தமகாவில் வேளாண் அறிவியல் மையம் உள்ளது. எனினும் உழவர்களுக்காகச் செய்யப்படும் வழக்கமான மண் பரிசோதனை, கார அமிலத் தன்மையையும் தழை, மணி, சாம்பல் சத்துகளையுமே காட்டும். ஆர்சனிக்கோ ஈயமோ இருக்கிறதா என்பதை அந்த அட்டை சொல்லாது. அதற்குத் தனிப் பரிசோதனை கேட்க வேண்டும். "மண் நன்றாக இருக்கிறது" என்று அட்டை சொல்வதை, "மண் தூய்மையாக இருக்கிறது" என்று எடுத்துக்கொள்வது தவறு.

செடி ஒன்றுக்கு 12 அங்குல வாய் கொண்ட சட்டி, அல்லது 15 லிட்டர் கொள்ளும் வாளி, சாக்குப் பை ஏதேனும் ஒன்று போதுமானது. அடியில் நான்கைந்து துளைகள் அவசியம். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லைன் வீடுகளில் தகரக் கூரையின் மேல் சட்டி வைக்க இயலாது என்பதால், வாசற்படியின் ஓரமே தோட்டமாகிறது. அங்கு சட்டிகளைச் செங்கல் மீது உயர்த்தி வைப்பது நல்லது. மழைக்காலத்தில் தரையிலிருந்து தெறிக்கும் சேறு இலைகளில் படுவது இதனால் குறையும்.

ஜூனில் விதை, செப்டம்பரில் காய்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ள தங்கவயலில் கோடை, சென்னையைப் போலவோ வேலூரைப் போலவோ கொளுத்துவதில்லை. கோலார் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 700 முதல் 750 மில்லிமீட்டர். மற்ற மாதங்களைவிட அதிக மழை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பெய்கிறது. மிளகாய் நட ஜூன்-ஜூலை பருவமே இங்கு வசதியானது. ஜூன் முதல் வாரத்தில் விதைத்தால் ஜூலை நடுவில் நாற்றை மாற்றி நடலாம். ஆகஸ்டு இறுதியில் பூக்கும். செப்டம்பரில் முதல் பச்சை மிளகாய் கைக்கு வரும். பழுத்த சிவப்பு மிளகாய் வேண்டுமெனில் அக்டோபர் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டும்.

விதைக்குச் சமையலறை டப்பாவிலுள்ள வற்றலை உடைத்துப் பயன்படுத்துவோர் பலர். அவை முளைக்கும். ஆயினும் இன்று சந்தைக்கு வரும் மிளகாயில் பெரும்பகுதி வீரிய ஒட்டு ரகங்களிலிருந்து வருவதால், அடுத்த தலைமுறைச் செடி தாய்ச்செடியைப் போல இருக்கும் என்ற உறுதி இல்லை. பெங்களூரு புறநகரான ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா லோஹித், ஒட்டு அல்லாத, நல்ல காரமுள்ள ரகம். அதிலிருந்து விதை எடுத்து மறு ஆண்டும் விதைக்கலாம். இலைச்சுருள் வைரஸைத் தாங்கும் திறன் கொண்ட அர்கா தேஜஸ்வி, அர்கா யஷஸ்வி போன்ற ஒட்டு ரகங்களையும் அதே நிறுவனம் உருவாக்கியுள்ளது. அவற்றின் விதையை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்க வேண்டும்.

தமிழர் வீடுகளில் விரும்பப்படும் குண்டு மிளகாயையும், வானத்தை நோக்கிக் காய்க்கும் காந்தாரி மிளகாயையும் இதே முறையில் வளர்க்கலாம். காந்தாரி மெதுவாக வளரும். ஆனால் ஒருமுறை வேரூன்றிவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வடகிழக்கு மாநிலங்களின் பூத் ஜோலோக்கியாவை முயல்வோருக்குப் பொறுமை தேவை. சாதாரண மிளகாய் விதை 7 முதல் 10 நாள்களில் முளைக்கையில், இது முளைக்க மூன்று வாரங்களுக்கு மேலும் ஆகலாம். முளைக்கவில்லை எனக் கருதி மண்ணைக் கொட்டிவிடுவதே இதில் அடிக்கடி நேரும் இழப்பு.

விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மண் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீர் தேங்கினால் நாற்றின் அடித்தண்டு அழுகி, ஒரே இரவில் வரிசையாகச் சாய்ந்துவிடும். ஆறு இலைகள் வந்த பின், மாலை வேளையில் மாற்றி நடுவது வழக்கம். நாற்றைத் தொடுவதற்கு முன் பீடி, சிகரெட் பிடிப்போர் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். புகையிலையில் தங்கியிருக்கும் தேமல் வைரஸ் விரல் வழியாகவே மிளகாய்க்குச் செல்லக்கூடியது.

தண்ணீர்க் கணக்கு

கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுரங்க நகரத்துக்காகப் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரப்பட்டது பழைய கதை. இன்று குழாய் நீர் நாள்தோறும் வராத பகுதிகளில் குடம் கணக்கில்தான் செடிக்கும் தண்ணீர் கிடைக்கிறது. சட்டியிலுள்ள ஒரு மிளகாய்ச் செடிக்கு மிதமான நாளில் ஒரு லிட்டர், வெயில் கடுமையான நாளில் இரண்டு லிட்டர் வரை தேவைப்படும். ஐந்து செடிகள் வைத்திருக்கும் வீட்டுக்கு இது கோடையில் அரைக் குடத்துக்கும் மேல்.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரை அப்படியே ஊற்றலாம். துணி துவைத்த நீரும், சோப்புத் தூள் கலந்த பாத்திர நீரும் கூடாது. அவற்றிலுள்ள உப்பு சட்டி மண்ணிலேயே தங்கிச் சேர்ந்துவிடும். மண்ணின் மேல் இரண்டு விரற்கடை கனத்துக்குக் காய்ந்த இலையோ வைக்கோலோ பரப்பினால் நீர்த் தேவை குறையும். இலைகளை நனைக்காமல் வேரில் ஊற்றுவது நோய்களையும் குறைக்கும்.

தங்கவயலின் இன்னொரு நடைமுறை, தண்ணீர் ஊற்றும் நேரத்தையே தீர்மானிக்கிறது. சுரங்கம் மூடப்பட்ட பிறகு, மாரிக்குப்பத்திலிருந்தும் உரிகத்திலிருந்தும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவோர் பல ஆயிரம் பேர். பகலில் செடியைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லாதவர்கள் இரவில் திரும்பியதும் நிறைய ஊற்றிவிடுவது இயல்பு. இரவு முழுவதும் வேர் நனைந்து கிடப்பதைவிட, புறப்படுவதற்கு முன் அதிகாலையில் ஊற்றுவதே செடிக்கு நல்லது. பகலில் இலைகள் சற்றே வாடித் தொங்கினாலும் அந்தி சாய்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் கவலை இல்லை. காலையிலும் வாடியே இருந்தால்தான் வேரில் கோளாறு.

இலை எப்படிச் சுருள்கிறது?

மிளகாய் வளர்ப்போர் மனமுடைந்து செடியைக் கைவிடும் கட்டம் இலைச்சுருள் தோன்றும்போதுதான். கோலாரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று கோலாரில் இயங்கும் அளவுக்கு மாவட்டம் முழுவதும் தக்காளி பயிராகிறது. தக்காளியில் வைரஸைப் பரப்பும் அதே வெள்ளை ஈதான் மிளகாயிலும் பரப்புகிறது. தக்காளியின் சில இலைச்சுருள் வைரஸ்கள் மிளகாயையும் தாக்குகின்றன. ஆகவே நகரின் நடுவே மாடியில் தனியாக நிற்கும் செடியும் தப்புவதில்லை.

எல்லாச் சுருளும் ஒன்றல்ல என்பதை அறிந்தால் பாதிச் செடிகளைக் காப்பாற்றிவிடலாம். இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகைப் போல் ஆகியிருந்தால், அது இலைப்பேன் சாறு உறிஞ்சியதன் விளைவு. ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, இலை குறுகி, காம்பு நீண்டு, எலி வாலைப் போல் தெரிந்தால், அது கண்ணுக்குப் புலப்படாத மஞ்சள் சிலந்தியின் வேலை. இவ்விரண்டும் குணப்படுத்தக் கூடியவை. இலைகள் சிறுத்து, நரம்புகள் தடித்து, மஞ்சள் படர்ந்து, நுனிகள் கொத்துக்கொத்தாகக் கூடி, செடியின் வளர்ச்சியே நின்றுபோயிருந்தால் அது வைரஸ். அதற்கு மருந்தில்லை. அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதே மற்றச் செடிகளைக் காக்கும் வழி. தயங்கி வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வெள்ளை ஈ அதிலிருந்து அடுத்த சட்டிக்குப் போய்வருகிறது.

இலைப்பேனுக்கும் வெள்ளை ஈக்கும் ஒரு லிட்டர் நீரில் 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையுமாறு வாரம் ஒருமுறை தெளிக்கலாம். சிலந்திக்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் பயன்படுகிறது. எண்ணெய் தெளித்த இரண்டு வாரங்களுக்குள் கந்தகம் தெளித்தால் இலை கருகும்; கடும் வெயிலில் தெளித்தாலும் அப்படியே. மஞ்சள் ஒட்டுப் பொறி வெள்ளை ஈயையும், நீல நிறப் பொறி இலைப்பேனையும் ஈர்க்கும்.

தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த ஒரு புதிய இலைப்பேன் இனம் இந்தியாவில் 2015-ஆம் ஆண்டு பெங்களூருப் பகுதியில் பப்பாளியில் முதலில் பதிவானது. 2021-இல் அது ஆந்திரம், தெலங்கானா மாநிலங்களின் மிளகாய் வயல்களில் பெருஞ்சேதம் விளைவித்தது. பூவுக்குள் புகுந்து தாக்குவது அதன் தனித்தன்மை. காலையில் ஒரு பூவைப் பறித்து வெள்ளைத் தாளின்மீது தட்டினால், கருநிறத்தில் ஊரும் நுண்பூச்சிகள் தெரியும்.

பூ உதிர்ந்தால்

பூக்கள் வந்தும் காய் பிடிக்காமல் உதிர்வது மற்றொரு பொதுவான குறை. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், இரவு 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் மிளகாய் பூவை உதிர்த்துவிடும். தங்கவயலில் ஏப்ரலிலும், டிசம்பர்-ஜனவரியிலும் நேர்வது இதுதான். இவை செடியின் தற்காப்பு என்பதால் பொறுத்திருப்பதைத் தவிர வேறு மருந்து வேண்டியதில்லை. இதமான செப்டம்பரில் உதிர்ந்தால் காரணம் வேறாக இருக்கும். பெரும்பாலும் அது தழைச்சத்து மிகுதி. கரும்பச்சையாகச் செழித்து நின்று காய்க்காத செடிக்கு மேலும் உரமிடுவது வழக்கமான தவறு. கடலைப் பிண்ணாக்கு ஊறிய நீரை நிறுத்திவிட்டு, சாம்பல் சத்துக்காக ஒரு தேக்கரண்டி விறகுச் சாம்பல் தூவினால் நிலைமை சீராகும். காயின் நுனியில் பழுப்புத் தழும்பு விழுந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு எனப் பொருள். மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் தண்ணீர் ஒழுங்கற்று ஊற்றுவதால் அதைச் செடியால் எடுக்க முடியாமல் போவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

காரம் விதையில் இல்லை

மிளகாயின் காரம் விதையில் இருப்பதாகப் பரவலாக நம்பப்படுகிறது. காப்சைசின் என்னும் காரப்பொருள் உருவாவது, விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய உட்சதையில்தான். விதைக்கு அது ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவே. அமெரிக்க மருந்தியல் வல்லுநர் வில்பர் ஸ்கோவில் 1912-இல் உருவாக்கிய அளவுகோலே இன்றும் காரத்தை மதிப்பிடப் பயன்படுகிறது. சிவப்பு நிறத்துக்குப் பெயர்பெற்ற கர்நாடகத்தின் பியாடகி மிளகாயில் காரம் குறைவு; பூத் ஜோலோக்கியா 2007-இல் 10 லட்சம் அலகைக் கடந்து கின்னஸில் இடம்பெற்றது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாகத்தான் இந்தியாவை எட்டியது.

காரம் ரகத்தைப் பொறுத்தது என்றாலும் வளர்ப்பு முறைக்கும் அதில் பங்குண்டு. காய் முற்றும் கட்டத்தில் தண்ணீரைச் சற்றுக் குறைத்தால் பொதுவாகக் காரம் கூடும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் இது ஒரு சிறிய அனுகூலம். நறுக்கிய கையில் எரிச்சல் எடுத்தால் நீர் பயன்படாது. காப்சைசின் கொழுப்பில் கரைவது என்பதால் எண்ணெய் தேய்த்துப் பின்னர் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

உலர்த்துவதிலும் தூசி

பச்சை மிளகாயை வாரத்துக்கு ஒருமுறை காம்புடன் பறித்துவந்தால் செடி தொடர்ந்து பூக்கும். நான்கைந்து செடிகள் ஒரு சிறு குடும்பத்தின் பச்சை மிளகாய்த் தேவையை ஏறக்குறைய ஈடுசெய்யும். பழுக்க விட்டால் எண்ணிக்கை குறையும். அக்டோபர் மழையில் பழுத்த காய்களின் தோலில் வட்ட வட்டமாகக் கரும்புள்ளி விழுந்து அழுகுவது இங்கு வாடிக்கை. அத்தகைய காய்களைச் செடியிலோ சட்டியிலோ விட்டுவைக்கக் கூடாது. வற்றலுக்கு நவம்பர் இறுதிக்குப் பின் பழுக்கும் காய்களே நம்பகமானவை.

நான்கு கிலோ பழத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வற்றல் கிடைக்கும். தரையில் பாய் விரித்து உலர்த்தும் பழைய வழக்கம், மேடுகளை ஒட்டிய குடியிருப்புகளுக்கு ஏற்றதல்ல. ஈரமான பழத்தின் மேல் படியும் தூசி, காய்ந்த பின் கழுவினாலும் முழுமையாகப் போகாது. பழங்களை முதலிலேயே நன்கு கழுவித் துடைத்து, தரையிலிருந்து உயர்ந்த வலைத்தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி உலர்த்த வேண்டும். உடைத்தால் முறியும் பதம் வரும்வரை உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த வற்றலைத் தட்டித் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது. உப்பிட்ட தயிரில் ஊறவைத்துக் காயவைக்கும் மோர் மிளகாய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தயிரின் பசைத்தன்மை தூசியை இன்னும் எளிதில் பிடித்துக்கொள்ளும்.

ஜனவரியில் காய்ப்பு ஓய்ந்ததும் செடியைப் பிடுங்கிவிடுவோர் அதிகம். மிளகாய் ஓராண்டுப் பயிராகக் கருதப்பட்டாலும் இயல்பில் பல்லாண்டுச் செடி. நோயில்லாத செடியைப் பிப்ரவரி இறுதியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, மேல்மண்ணைக் கிளறி ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டால், கோடை மழைக்குத் துளிர்த்து ஜூனிலேயே மீண்டும் காய்க்கத் தொடங்கும். இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு காயின் அளவும் எண்ணிக்கையும் குறையும். அப்போது அந்தச் சட்டி மண்ணில் மறுபடி மிளகாயையோ, அதே குடும்பத்தைச் சேர்ந்த தக்காளி, கத்தரியையோ நடாமல், ஒரு பருவம் அவரையோ கொத்தவரையோ விதைத்து, அதன் பின்னர் மிளகாய்க்குத் திரும்பலாம்.